காரைக்காலும் கொடைக்கானலும் ஒரே திரையில்: ஓப்பன்வெப்ஆர்எக்ஸ் எப்படி?

காரைக்கால் பண்பலை 100.3, கொடைக்கானல் 100.5. இரண்டும் எட்டுகிற இடத்தில் சாதாரண ரேடியோவை வைத்தால் ஒன்று மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். எது எதை அமுக்குகிறது என்று காதால் மட்டும் கண்டுபிடிப்பது கஷ்டம். ரேடியோ அலைகளைப் பிரவுசரில் காட்டியும் கேட்கவைத்தும் தரும் ஓப்பன்வெப்ஆர்எக்ஸ் மென்பொருளின் வாட்டர்ஃபாலில், அதாவது அலைகளை நிறப் பட்டைகளாக இறக்கிக் காட்டும் படத்தில், இரண்டு பட்டைகளும் உரசிக்கொண்டு இறங்குவது அப்படியே தெரியும். எவ்வளவு அகலத்தைக் கேட்பது என்று தீர்மானிக்கும் ஃபில்டரின் ஓரத்தை இழுத்துக் கொஞ்சம் குறுக்கினால் பக்கத்து நிலையத்தின் கரகரப்பு குறையும். அளவுக்கு மீறிக் குறுக்கினால் குரல் உடையும்.

ஓப்பன்வெப்ஆர்எக்ஸ் இலவச, திறந்த மூல மென்பொருள். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் நிறுவி, யுஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளைச் செருகி, டெர்மினலில் அட்மின் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் அதே வைஃபையில் உள்ள எந்த போனின் பிரவுசரிலும் ராஸ்பெரி பையின் ஐபி முகவரியோடு 8073 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்து அடித்தால் போதும், தனி ஆப் தேவையில்லை. குறுக்கே அலைவரிசை, மேலிருந்து கீழே நேரம், நிறத்தில் வலு.

முதல் தடவை திரை முழுக்க ஒரே நிறமாக வந்தால் டாங்கிள் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிற எல்லைகள் உங்கள் ஊர் இரைச்சலுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். தானாகச் சரிசெய்யும் பொத்தானை அழுத்திவிட்டு, கீழ் எல்லையை இரைச்சல் தரையை, அதாவது நிலையம் இல்லாத இடத்து இரைச்சலின் அளவை, ஒட்டிக் கையால் வைத்தால் மங்கலான நிலையங்களும் துலங்கும். கெய்னை, அதாவது டாங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவை, உச்சத்தில் வைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. வலுவான நிலையம் பக்கத்தில் இருந்தால் டாங்கிள் திணறி, இல்லாத இடத்திலெல்லாம் போலி நிலையங்களைக் காட்டும். கெய்னைச் சில டெசிபெல் குறைத்துப் பாருங்கள். நிஜ நிலையம் அதே அளவுக்குத்தான் இறங்கும், போலி அதைவிட வேகமாக மறையும்.

இந்த மென்பொருளின் அருமை தெரிய மத்திய அலைக்கு (ஏஎம்) வர வேண்டும். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில். இந்த டாங்கிள்கள் பொதுவாக 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் பிடிக்கும் என்பதால், ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி3 வைத்திருப்பவர்கள் டியூனரைத் தவிர்த்து அலையை நேரடியாக வாங்கும் டைரக்ட் சாம்ப்ளிங்கில் க்யூ கிளை என்ற உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வி4-க்கு அது வேண்டாம், புதிய டிரைவர் மட்டும் அவசியம்.

சாம்பிள் ரேட் (டாங்கிள் நொடிக்கு எடுக்கும் அளவீடுகள்) 24 லட்சம், எஃப்எஃப்டி அளவு (படத்தின் ஒரு வரியை எத்தனை புள்ளிகளாகப் பிரிப்பது) 4096 என்று வைத்தால் ஒரு புள்ளிக்கு 586 ஹெர்ட்ஸ். பண்பலைக்கு இது தாராளம். ஆனால் காலை மங்கள இசையில் நாகஸ்வரத்தின் ஆதார ஸட்ஜம் சுமார் 300 ஹெர்ட்ஸ் என்றால், அதன் மேற்சுரங்களும் 300 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் அடுக்காக நிற்கும். 586-இல் அத்தனையும் ஒரே கறை. ஜூம் செய்தாலும் அதே கறைதான் பெரிதாகும். எஃப்எஃப்டியை 65,536 ஆக்கினால் பிரியும், ஆனால் நொடிக்கு 9 வரி, புள்ளிக்கு 4 பிட் என்று கணக்கிட்டால் ஒவ்வொரு பார்வையாளருக்கும் நொடிக்கு 23 லட்சம் பிட்டுக்கு மேல் போகும். வெளியிலிருந்து கிராமத்து மொபைல் டேட்டாவில் பார்ப்பவருக்குப் படம் விக்கி விக்கித்தான் வரும்.

அதைவிடச் சாம்பிள் ரேட்டை 2,56,000-க்கு இறக்கி, எஃப்எஃப்டியை 8192 ஆக்குங்கள். புள்ளிக்கு 31.25 ஹெர்ட்ஸ், நொடிக்கு 3 லட்சம் பிட்டுக்குள். மையத்தை 900 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் 772 முதல் 1028 வரை திரையில் இருக்கும். 936-இல் ஒரு கூர்மையான கோடு, அதன் இருபுறமும் நாகஸ்வரத்தின் இழைகள், கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக. கமகம் அசையும்போது உள்ளே இருக்கும் இழை லேசாக நெளியும், வெளி இழை அகலமாக வளையும், ஏனென்றால் ஆதாரத்தைப் போல ஐந்து மடங்கு அதிர்வெண் உள்ள மேற்சுரம் ஐந்து மடங்கு நகர்கிறது. வேகமான கமகம் படிக்கட்டாக உடைந்தால் வரி வேகத்தை 20 ஆக்கலாம், வீட்டு வைஃபை தாங்கும். இதைக் காட்டுவதற்காகவே இந்தச் செலவு தகும்.

ஒரு பெரிய குறை உண்டு. டாங்கிள் ஒன்றுதான் என்றால் ஒருவர் புரொஃபைலை (எந்த அலைவரிசைப் பகுதியைப் பார்ப்பது என்ற அமைப்பை) மாற்றும்போது எல்லாருக்கும் மாறிவிடும். பள்ளியிலோ சங்கத்திலோ பலர் சேர்ந்து பார்ப்பதானால் இரண்டு டாங்கிளாவது வேண்டும்.

படத்தில் வரும் அழுக்கையும் படிக்கப் பழகுங்கள். திரை முழுக்கக் குறுக்கே பளிச்சென்று ஒரு கோடு வந்தால் பம்புசெட் ஸ்டார்ட்டர் போன்ற ஏதோ ஒன்றின் பொறி. சம இடைவெளியில் தள்ளாடி இறங்கும் மங்கலான பட்டைகள் எல்இடி விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர் வகையறா. டாங்கிளை ராஸ்பெரி பையில் நேராகச் செருகாமல் ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் தள்ளி வைத்தால் தொல்லை குறையும்.

பண்பலைக்கு ஆன்டெனா எளிது: பக்கத்துக்கு 71 சென்டிமீட்டர் வீதம் இரண்டு கம்பி. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று கனெக்டரைச் சீக்கிரம் அரிக்கும், ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்குவதற்கு முன்பே ஆன்டெனா கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். ராஸ்பெரி பையை ஆஃப் செய்தால் மட்டும் போதாது.