ஏ320 ஆட்-ஆன்: இரண்டரை வருடம் ஓட்டிய பிறகும் பேட்டரிதான் தொல்லை

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் ஏர்பஸ் ஏ320 விமானம் இது. விலை இறங்கியதும் பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி ஒருவர் வாட்சப்பில் கேட்டார்: "அண்ணே, அந்த ஏ320-ஐ வாங்கலாமா?" இரண்டரை வருடமாக அதில்தான் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு (கேஎல்ஐஏ) ஓட்டுகிறேன். பறப்பதில் ஒரு குறையும் இல்லை. கடல் பக்கமிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்து 04 ஓடுபாதையில் இறங்கும்போது கை வியர்க்கும், அவ்வளவு நிஜம்.

என் கோபம் பேட்டரி மேல். எல்லாம் அணைந்து கிடக்கும் விமானத்தில் மேல் பேனலைப் பார்த்தால் இரண்டு பேட்டரியும் 26 வோல்ட் காட்டும். ஸ்விட்சைப் போட்டதும் எண் இறங்க ஆரம்பிக்கும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அதே வேகம். செக்லிஸ்ட் பாதி முடிவதற்குள் 25.5-க்குக் கீழே போய்விடும். அப்படிப் போனால் வெளி மின்சாரம் கொடுத்து 20 நிமிடம் சார்ஜ் செய்ய வேண்டும் என்பது நிஜ நடைமுறை. அதையும் ஒழுங்காகச் செய்து, ஏபியு (வாலில் இருக்கும் சிறிய துணை என்ஜின்) ஸ்டார்ட்டை அழுத்தினால் எண் அசைவதே இல்லை!

நிஜ விமானத்தில் இருப்பது நிக்கல்-காட்மியம் பேட்டரி. வெகுநேரம் ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில்தான் சடாரென்று விழும். ஸ்டார்ட்டர் கரண்டை இழுக்கும்போது வோல்ட் பள்ளத்தில் இறங்கி மேலே வரவேண்டும். போன மாதம் என் கார் பேட்டரி மாற்றியபோது, வொர்க்‌ஷாப்காரர் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். 12.5-இல் இருந்தது 9.8-க்குப் போய், என்ஜின் பிடித்ததும் 14-ஐத் தாண்டியது. ஒரு நொடிதான், ஆனால் கண்ணெதிரே நடந்தது. கார் பேட்டரி ஈய-அமில வகை, சரி. ஆனாலும் இழுத்தால் இறங்கும் என்பது இரண்டுக்கும் பொது. ஆட்-ஆன் செய்தவர்களுக்கு மூன்று முறை எழுதிப் போட்டேன். அடுத்த அப்டேட்டில் பார்ப்பதாக மூன்று முறையும் பதில் வந்தது.

இதே ஆட்கள் நடுவானில் இரண்டு ஜெனரேட்டரும் போவதை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்! துணை விமானி பக்கத் திரைகள் இருண்டுவிடும். அவசரத்துக்கென்று உள்ள காற்றாடி வெளியே விழுந்து, காற்றில் சுழன்று மின்சாரம் தரும் வரை சில விநாடிகள் பேட்டரிதான் தாங்கும். அந்த அமைதியில் நெஞ்சு அடைக்கும். இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு பேட்டரியைச் சரியாகச் செய்யத் தெரியாதா?

தம்பி, இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். ஏற்கனவே வாங்கிவிட்டாய் என்றால், பேட்டரி ஸ்விட்சைப் போட்ட கையோடு வெளி மின்சாரத்தையும் போட்டுவிடு.