பச்சோந்தி வாங்கப் போகிறீர்களா? அந்தச் செயற்கை அருவியை வாங்காதீர்கள்

ரொறன்ரோவில் செல்லப்பிராணிக் கடைக்குப் போனால், கூண்டோடு சேர்த்து மோட்டரில் ஓடும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் அருவியையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

மகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் ஸ்காபுறோவில் ஒரு கடையில் யேமன் பச்சோந்தி வாங்கினோம். தண்ணீருக்கு என்ன செய்வது என்று கடைக்காரரிடம் தெளிவாகவே கேட்டேன். ஓடுகிற தண்ணீரைத்தான் குடிக்கும், இந்த அருவி போதும், ஒரு சின்னப் போத்தலைக் காட்டி, இதில் சில துளி விட்டால் தண்ணீர் சுத்தமாகவே இருக்கும், அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்றார். இரண்டுக்கும் காசு வாங்கினார்.

நடந்தது என்ன? தின்னப் போட்ட சில்வண்டுகள் அருவிக்குள் விழுந்து செத்தன, பச்சோந்தியின் எச்சமும் அதற்குள்ளேதான், அந்தத் தண்ணீரையே மோட்டர் திரும்பத் திரும்ப மேலே ஏற்றி ஊற்றிக்கொண்டிருந்தது. கல்லைத் தொட்டால் வழுவழு என்று ஒட்டும். பிள்ளையின் பச்சோந்தி அதை நெருங்கவே இல்லை. கண் இரண்டும் குழிவிழுந்து, பகலிலேயே மூடிக்கொண்டு கிடந்தது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி செம்மஞ்சளாகப் போனது.

உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது என்றார் மிருக வைத்தியர். அந்தப் போத்தல் மருந்து கிருமியைக் கொல்வதில்லையாம். நகரசபை கிருமி வளராமல் இருக்கக் குழாய்த் தண்ணீரில் சேர்க்கிற குளோரமினைத்தான் அது நீக்குகிறது, அதாவது அழுக்கு சுற்றிவரும் தண்ணீரில் இருந்த கொஞ்சக் காவலையும் எடுத்துவிடுகிறது! நாங்கள் குடிக்கிற குழாய்த் தண்ணீரையே தினமும் புதிதாகக் கொடுத்தால் போதும் என்றார்.

பச்சோந்திக்குப் பாத்திரத்தில் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் கண்ணில் படாது. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். இப்போது ஒரு பிளாஸ்டிக் கோப்பையின் அடியில் ஊசியால் துளை போட்டுக் கூண்டின் வலைக்கூரை மேல் வைத்திருக்கிறோம், ஒன்றிரண்டு செக்கனுக்கு ஒரு துளி செவ்வரத்தை இலையில் விழுகிறது, கீழே சேர்வதை அன்றன்றே கொட்டிவிடுவோம். காலையும் இரவும் தண்ணீர் தெளிப்போம், இடையில் கூண்டு நன்றாகக் காய வேண்டும், எப்போதும் ஈரமாக இருந்தால் நுரையீரலில் தொற்று வரும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக்காற்று வறண்டுவிடும், அந்த மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும்.

கடையில் போய்க் கேட்டால், உயிருள்ளவற்றைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று ரசீதைக் காட்டினார்கள். சரி, அருவியையாவது எடுங்கள் என்றால், பாவித்த பொருளாம். வைத்தியருக்குக் கொடுத்த காசு பச்சோந்தியின் விலையைவிட அதிகம். அதைவிட, பிள்ளை அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏற்கெனவே அந்த அருவியை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கழற்றிவிட்டு எச்சத்தின் நிறத்தைப் பாருங்கள். செம்மஞ்சளாக இருந்தால் தாமதிக்க வேண்டாம். எல்லா மிருக வைத்தியர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை, முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.