டேக்மேனின் ரெஸ்க்யூ ஃபைல்கள்: நாலு வருட அனுபவம்

எங்கள் ஆய்வகத்தில் மரபணு வரிசை வேலைகளை நாலு வருடமாக பல கணினிகளுக்குப் பங்கிட்டு ஓட்டும் எச்டிகாண்டர் மென்பொருளில்தான் ஓட்டுகிறேன். எதற்குப் பின் எது ஓட வேண்டும் என்று ஒரு டேக் ஃபைலில் எழுதிக் கொடுத்தால் மீதியை அதிலுள்ள டேக்மேன் என்ற பகுதி பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு ஜாப் விழுந்தாலும் அதை நம்பியிராத மற்றவற்றை முடித்துவிட்டு, எதுவரை ஆச்சு என்று ரெஸ்க்யூ ஃபைலில் குறித்து வைக்கும். திறந்து பார்த்தால் முடிந்த நோடு (டேக்கில் உள்ள ஒரு படி) ஒவ்வொன்றுக்கும் 'டன்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதே டேக்கைத் திரும்ப சப்மிட் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டு நாள் ஓடிய வேலையை இந்தச் சின்ன ஃபைல் எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் வேலை நல்லபடியாக முடிந்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். போன வருடம் 48 மாதிரிகளை ஓட்டி முடித்தேன். மூன்று வாரம் கழித்து, தரம் வடிகட்டும் அளவை 20-லிருந்து 30-க்கு ஏற்றி அதே டேக்கை சப்மிட் செய்தேன். ஒரு பகல் பிடிக்கிற வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சந்தேகம் வந்து திரையை மேலே தள்ளிப் பார்த்தால், 'ரன்னிங் ரெஸ்க்யூ டேக் 2' என்று ஒரு வரி. அதாவது, பழைய ஓட்டம் விட்டுப்போன இரண்டாவது ரெஸ்க்யூ ஃபைலிலிருந்து தொடர்ந்திருக்கிறது. 45 மாதிரிகள் ஏற்கெனவே முடிந்தவை என்று விட்டுவிட்டு, மூன்றை மட்டும் புதிதாக ஓட்டியிருக்கிறது. ஒரே அட்டவணையில் இரண்டு அளவுகளின் முடிவுகள்! அன்றைக்குக் கவனிக்காமல் போயிருந்தால் அப்படியே கட்டுரைக்குள் போயிருக்கும்.

சப்மிட் செய்யும்போது '-எஃப்' கொடுத்தால் பழைய ரெஸ்க்யூ ஃபைலின் பெயரில் '.ஓல்ட்' சேர்ந்துவிடும், டேக் முதலிலிருந்து ஓடும். சரி, ஆனால் அதை ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைக்க வேண்டும். குப்பையும் குறையாது. ஏழு நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும்படி, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரானில் போட்டும் பார்த்தேன். கிளஸ்டர் (கணினித் தொகுப்பு) பராமரிப்புக்காக ஒன்பது நாள் நின்றபோது, பாதியில் காத்திருந்த டேக்கின் ஃபைலையும் அது அழித்துவிட்டது. வயதை வைத்து அழிப்பதை அதோடு விட்டேன்.

இப்போது அழிக்கும் வேலையை ஃபைனல் நோடின் (வென்றாலும் தோற்றாலும் கடைசியில் ஓடும் படி) போஸ்ட் ஸ்கிரிப்டில் (அந்த நோடு முடிந்ததும் ஓடும் சிறு நிரல்) வைத்திருக்கிறேன். டேக்கின் நிலை 0 (எதுவும் விழவில்லை) என்றால் மட்டும் ரெஸ்க்யூ ஃபைல்களை அழிக்கும். இதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: மொத்த டேக் வென்றதா தோற்றதா என்பதை ஃபைனல் நோடுதான் தீர்மானிக்கிறது. நிலை 0 இல்லாதபோது ஸ்கிரிப்டும் தோல்வி என்றே வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் விழுந்த ஜாப்கள் மறைந்து, டேக் வெற்றி என்று முடிந்துவிடும். ரெஸ்க்யூ ஃபைலே எழுதப்படாது.

ஒன்றரை வருடமாகத் தொந்தரவு இல்லை. நானே பாதியில் நிறுத்திய வேலைகளின் ஃபைல்களை மட்டும் இன்னும் கையால் அழிக்கிறேன்.