கார்ட்ரிட்ஜா, டேங்க்கா? வீட்டுக்கு ஒரு மலிவான பிரிண்டர்

சிங்கப்பூரில் பிள்ளை தொடக்கநிலை ஐந்துக்குப் போய்விட்டால் வீட்டில் பிரிண்டர் இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வுக்குப் பழகிப் பார்க்க மற்றப் பள்ளிகளின் தேர்வுத்தாள்களைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டுக்கொண்டே இருப்பார்கள். கணக்குத்தாள் மட்டுமே இருபது பக்கத்தைத் தொடும். மை தீர்ந்தால் மைப்பெட்டியையே மாற்றும் எங்கள் வீட்டு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் ஓய்ந்ததும், இந்த முறை குப்பியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் டேங்க் வகையாகப் பார்த்து வாங்கினோம்: கேனன் ஜி3020. ஆக, என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஹெச்பி டெஸ்க்ஜெட், கேனன் பிக்ஸ்மா வரிசைகளில் கார்ட்ரிட்ஜ் போடும் சின்ன மாடல்கள் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். டேங்க் என்றால் இருநூறு வெள்ளியை ஒட்டி வரும். ஸ்கேன், போட்டோகாப்பி இரண்டிலும் உண்டு. வைஃபை சில மாடல்களில் இருக்காது, பார்த்து வாங்கவேண்டும். தாளின் இரு பக்கமும் தானாக அச்சிடும் வசதி இந்த விலையில் பெரும்பாலும் இருக்காது. நாமே தாளைத் திருப்பிப் போடவேண்டும்.

மைக் கணக்கும் பலருக்குத் தெரிந்ததுதான். ஹெச்பி 682 கறுப்பு கார்ட்ரிட்ஜ் 480 பக்கம், மூவண்ண கார்ட்ரிட்ஜ் 150 பக்கம் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. டேங்க்கில் ஊற்றும் எப்சன் 003 மையில் கறுப்புக் குப்பி 4,500 பக்கம், வண்ணக் குப்பிகள் மூன்றும் சேர்ந்து 7,500 பக்கம். ஒரு குப்பி பதினைந்து வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் கறுப்புப் பக்கத்துக்கு அரைக் காசுகூட ஆகாது. இந்த எண்கள் எல்லாம் மாதிரித் தாள்களை விடாமல் அச்சிட்டுப் பார்த்து எடுத்தவை. வீட்டில் அவ்வளவு வராது. மூவண்ண கார்ட்ரிட்ஜில் இன்னொரு வயிற்றெரிச்சல்: மஞ்சள் தீர்ந்தால், நீலமும் சிவப்பும் மிச்சமிருந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இவ்வளவோடு நிறுத்தினால் டேங்க் ஜெயித்துவிட்டது. ஆனால் கடையில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: பிரிண்டர் சும்மா கிடக்கும்போது என்ன ஆகும்?

நம் வீடுகளில் அச்சு வேலை சீராக நடப்பதில்லை. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் தாள் பறக்கும். நவம்பரில் பள்ளி மூடி, குடும்பத்தோடு ஊருக்குப் போனால் ஜனவரி வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். மை வெளிவரும் துளைகள் முடியைவிட மெலியவை. அங்கே மை காய்ந்தால் எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். தமிழ்ப் பயிற்சித்தாள் என்றால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. பிள்ளை 'கப்பல்' என்பதை 'கபபல' என்று வாசித்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்க்கும்.

உடனே 'கிளீனிங்' கொடுப்போம். கிளீனிங் என்பது வேறொன்றுமில்லை, துளை வழியாக மையை உறிஞ்சி வெளியே தள்ளுவது. அந்த மை பிரிண்டருக்குள் இருக்கும் ஒரு பஞ்சில் போய்ச் சேரும். எவ்வளவு போனது என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கும். நிரம்பிவிட்டது என்று அதன் கணக்கு சொன்னால், டேங்கில் மை ததும்பினாலும் ஒரு பக்கம்கூட அச்சிடாது. எங்கள் பழைய பிரிண்டர் நின்றது இதனால்தான். பழுதுபார்க்கும் இடத்தில் கேட்டபோது, பிரித்துப் பார்ப்பதற்கான கட்டணமே புதிய மலிவு பிரிண்டர் விலையில் பாதி வந்தது. சரி வேண்டாம் என்று திரும்பிவிட்டோம்.

எனவே நான் பார்த்தது இரண்டே விஷயம். அந்தத் துளைகள் உள்ள அச்சுத்தலை எங்கே இருக்கிறது, கழிவு மை எங்கே போகிறது.

சின்ன கார்ட்ரிட்ஜ் மாடல்களில் அச்சுத்தலை கார்ட்ரிட்ஜிலேயே ஒட்டியிருக்கும். காய்ந்து போனால் புதுசு போட்டால் போதும், தலையும் புதுசாகிவிடும். இது பெரிய வசதி, மறுக்க முடியாது. மாதத்துக்கு நாலைந்து பக்கம், அதுவும் விமானச் சீட்டு, ஏதாவது படிவம் என்று மட்டும் அச்சிடுபவர்கள் டேங்க் வாங்கவே வேண்டாம். அவர்களுக்கு கார்ட்ரிட்ஜே போதும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போகும்போது கடையில் அச்சிட்டுக்கொண்டால் அதுகூட வேண்டாம்.

எப்சன் எல்3210, எல்3250 மாடல்களில் அச்சுத்தலை பிரிண்டரோடு நிலையாக இருக்கும். மையைச் சூடாக்காமல் அதிர்வால் தள்ளும் பீசோ முறை என்பதால் அந்தத் தலை நீண்டநாள் உழைக்கும். வாரந்தோறும் அச்சிடும் வீட்டுக்கு அருமையான மெஷின். ஆனால் கழிவு மைப் பஞ்சை நாமே மாற்றும்படி அதில் வைக்கவில்லை, சர்வீஸுக்குத்தான் எடுத்துப் போகவேண்டும். டேங்கில் மை இருக்கும் பிரிண்டரைச் சாய்க்கவும் கூடாது. அதை நிமிர்த்தியபடியே மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் போவதை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன்.

ஜி3020-இல் எம்சி-ஜி02 என்று ஒரு பராமரிப்புப் பெட்டி இருக்கிறது. கழிவு மை அதில் சேரும். நிரம்பினால் தனியாக வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். அச்சுத்தலையையும் கழற்றி மாற்ற முடியும். என் பார்வையில் இருநூறு வெள்ளியைக் கொடுக்க வைத்தது மலிவு மையைவிட இந்தப் பெட்டிதான். இன்னொரு லாபம், இதன் கறுப்பு மை நிறமி வகை. பிள்ளை கேள்வியின் மேல் ஹைலைட்டரை இழுத்தாலும் எழுத்து அவ்வளவாகக் கலங்குவதில்லை.

இனி நேர்மையாகச் சொல்லவேண்டியது. அந்தப் பெட்டியை மாற்றும் வேளை எங்களுக்கு இன்னும் வரவில்லை, ஆகவே அது சொல்வதுபோல் சுலபமா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. புகைப்படம் நான் அச்சிடுவதே இல்லை. ஹெச்பி ஸ்மார்ட் டேங்க், பிரதர் டேங்க் இரண்டையும் கடையில் தொட்டுப் பார்த்ததோடு சரி. கறுப்பு லேசர் பிரிண்டரை அலுவலகத்தில்தான் பழக்கம்: அதில் இருப்பது தூள், காய்கிற பேச்சே இல்லை. தமிழ்க் கட்டுரைக்கு வண்ணப் படம் தேவைப்படாத வீடு என்றால் லேசரையும் ஒரு கை பார்க்கலாம்.

எதை வாங்கினாலும் சுவர் சுவிட்சை நேரடியாக அணைக்காதீர்கள். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் அச்சுத்தலை தன் மூடிக்குள் போய் உட்காரும். ஊருக்குக் கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிரித்த தாள் கட்டையும் பையில் போட்டு மூடி வையுங்கள். இங்குள்ள ஈரக் காற்றில் தாள் சுருண்டு, உள்ளே சிக்கிக்கொள்ளும்.

பழைய பிரிண்டரைக் குப்பைச் சரிவில் திணிக்கப் பார்க்காதீர்கள். 2021 ஜூலையிலிருந்து நடப்பிலுள்ள மின்கழிவுத் திட்டத்தில் பிரிண்டரும் சேரும். புதியதை வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொல்லி வாங்கினால், பழையதைக் கடைக்காரரே இலவசமாக எடுத்துப்போக வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே அதைச் சொல்லி வையுங்கள்.