தொழிலாளியா, தனி ஒப்பந்ததாரரா: எந்த அளவுகோல் நியாயமானது?

ஒருவர் தொழிலாளியா, சுயமாகத் தொழில் செய்பவரா என்று பார்க்க நீதிமன்றங்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் மிகப் பழையது கட்டுப்பாடு. என்ன வேலை, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறவர் யாரோ அவரே முதலாளி. மேஸ்திரி பக்கத்திலேயே நின்று வேலை வாங்கிய காலத்துக்கு இது பொருந்தியது. அப்புறம் வேலையின் முகம் மாறிவிட்டது.

சில்வர் ஜூபிலி தையல் கடை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1973-ல் தீர்ப்பளித்தது. தையல்காரர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சிலர் துணியை வீட்டுக்கே எடுத்துப் போய்த் தைத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் யாருக்கும் கட்டுப்படாதவர்கள்தான். ஆனால் கடையில் இருந்த எந்திரங்கள் முதலாளியுடையவை. தையல் சரியில்லை என்றால் திரும்பத் தைத்துக்கொடு என்று சொல்லும் உரிமையும் அவரிடம் இருந்தது. அந்த அளவு கட்டுப்பாடே போதும், இவர்கள் தொழிலாளிகள்தான் என்றது நீதிமன்றம்.

இரண்டாவது அளவுகோல், பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறது. 1978-ல் ஹுசைன்பாய் வழக்கில் கயிறு ஆலைத் தொழிலாளிகளுக்கும் ஆலைக்கும் நடுவே ஒப்பந்ததாரர்கள் இருந்தார்கள். ஆலை கையை விரித்தால் இவர்களுக்கு வேலையே இல்லை என்பதைத்தான் நீதிபதி கிருஷ்ண ஐயர் முக்கியமாகப் பார்த்தார். மனசாட்சியுள்ள பார்வை இது. ஆனால் பல அம்சங்களைச் சேர்த்து எடைபோட வேண்டியிருப்பதால், வழக்கு எப்படி முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்று, 2020 முதல் சட்டமாகவும் ஆன 'ஏபிசி' சோதனை. வேலை செய்பவரைத் தொழிலாளி என்றே வைத்துக்கொண்டு அது தொடங்குகிறது. அவர் தன் கட்டுப்பாட்டில் இல்லை, செய்த வேலை தன் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ளது, அவருக்கென்று தனித்தொழில் இருக்கிறது என்று மூன்றையும் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். துணிக்கடையில் குழாய் கசிவை அடைக்க வந்தவர் இதில் சுலபமாக வெளியே போய்விடுவார். அந்தக் கடைக்கே வருடக்கணக்கில் தைத்துக் கொடுப்பவர் போக முடியாது. உண்மையிலேயே தனியாகத் தொழில் செய்பவர்கள் சிலரும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது நிஜம்; அதனால் விதிவிலக்குகள் பெருகின. 2020 நவம்பரில் செயலி வழி ஓட்டுநர்களைக் கலிபோர்னிய மக்களின் வாக்கெடுப்பே இந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது.

சரி, நடுவில் ஒப்பந்ததாரர் இருந்து, கூலியும் வரவில்லை என்றால்? ஒப்பந்தமே போலி என்று காட்டி நிறுவனத்தின் நேரடித் தொழிலாளியாவது ஒரு வழி. கிடைத்தால் பெரிய வெற்றி. ஆனால் நிரூபிக்க வருடங்கள் ஓடும். இன்னொரு வழி, இந்தியாவில் 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது: ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனம் தந்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். வேலை நிரந்தரம் இதில் கிடைக்காது. ஆனால் கூலி பாக்கிக்காகப் போகிறவர் போலி என்று நிரூபிக்கத் தேவையில்லை. அந்த நிறுவனத்தில் எத்தனை நாள் வேலை செய்தார் என்று காட்டினால் போதும். வருகைப் பதிவையும் கூலிச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான்.