கோடு நேராக வந்தால் சந்தேகப்படுங்கள்: டிசிஎஸ்ஸில் ஹிஸ்டோரியன் இணைத்த அனுபவம்

பக்கத்து ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பார்க்கும் நண்பர் கேட்டார்: "அண்ணே, நாங்களும் ஹிஸ்டோரியன் போடப்போறோம். டிசிஎஸ்ஸோட ஓபிசி வழியா இணைச்சாப் போதும்கிறாங்க. நீங்க வருஷக்கணக்கா ஓட்டுறீங்களே, எப்படி இருக்கு?" டிசிஎஸ் என்பது ஆலையை ஓட்டும் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஹிஸ்டோரியன் அதன் அளவீடுகளை நேரத்தோடு சேமித்து வைக்கும் மென்பொருள், ஓபிசி இரண்டும் பேசிக்கொள்ளும் பொது மொழி. கேட்ட நேரம் சரியில்லை. போன வாரம்தான் எங்கள் இணைப்பு மறுபடி படுத்துக்கொண்டது. அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன்.

எத்தனை டேக் (பதிவாகும் அளவீடு), என்ன வேகம், லைசென்ஸ் கணக்கு எல்லாம் கேட்லாக்கிலேயே இருக்கும், அதில் புகார் இல்லை. என் புகார் ஒன்றுதான்: தகவல் வருவது நின்றால், நின்றுவிட்டது என்று இது சொல்லாது.

போன வாரம் பாய்லர் டிரம் லெவல் டிரெண்ட் (டிரம்மின் நீர்மட்ட வரைகோடு) இரவு ஷிப்ட் முழுக்க ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகக் கிடந்தது. டிரம் லெவல் ஒருநாளும் அப்படி இருக்காது, ஏதோ கொஞ்சமாவது ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஓபிசி தரக் குறியீட்டைப் பார்த்தால் 192, அதாவது நல்ல மதிப்பு. ஓபிசி சர்வர் உயிரோடு இருந்தது, ஹிஸ்டோரியன் பக்கத்தில் தகவலை வாங்கும் நிரலான இன்டர்ஃபேஸும் இருந்தது. சர்வருக்குப் பின்னால், கருவிகளை நேரடியாக இயக்கும் டிசிஎஸ் கண்ட்ரோலரிலிருந்து வரவேண்டியதுதான் நின்றுபோயிருந்தது. கடைசியாகக் கையில் இருந்த எண்ணையே சர்வர் விடிய விடிய நீட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர்கள் டிசிஎஸ் திரையைப் பார்த்து ஓட்டுவதால் ஆபத்து ஒன்றுமில்லை. காலையில் மேலாளர்தான் டிரெண்டைப் பார்த்துவிட்டு, "ராத்திரி பாய்லர் ரொம்ப நிதானமா ஓடியிருக்கே" என்று ஷிப்டைப் பாராட்டினார்!

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஓபிசியின் பழைய வடிவமான டிஏ சந்தாவில் (மதிப்புகளை அனுப்பச் சொல்லி வைக்கும் ஏற்பாடு), மதிப்பு மாறினால்தான் சர்வர் வாய் திறக்கும். வந்ததிலும் சின்னச் சின்ன அசைவுகளை இன்டர்ஃபேஸ் விட்டுவிடும். மிஞ்சியதில் ஒரே கோட்டில் அடங்கும் புள்ளிகளை ஹிஸ்டோரியன் சுவிங்கிங் டோர் முறையில் கழித்துவிட்டுத்தான் சேமிக்கும். இடம் மிச்சம், சரி. ஆனால் இந்த மூன்று கட்டத்திலும் எதுவும் வரவில்லை என்றால் எதுவும் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

டிகாம் தொல்லை தனி. 1996இல் வந்த ஓபிசி, மைக்ரோசாஃப்டின் காம், டிகாம் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் முறைகள்) மேல் கட்டியது. முதலில் 135ஆம் போர்ட்டுக்கு (நெட்வொர்க் வாசல்) போகும். அப்புறம் எந்தப் போர்ட் என்பது அந்த நேரத்தில்தான் முடிவாகும். ஃபயர்வால் பார்க்கும் ஐடி ஆளிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். 2021 ஜூனில் மைக்ரோசாஃப்ட் டிகாம் பாதுகாப்பை இறுக்கத் தொடங்கியது, பழைய ஓபிசி இணைப்புகள் இதனால் அறுந்துபோகலாம். 2022 ஜூனில் அது தானாகவே அமலுக்கு வந்தது, 2023 மார்ச் 14 பேட்சுக்குப் பிறகு அணைக்கவே வழியில்லை. ஏறக்குறைய இரண்டு வருட அவகாசம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு டிசிஎஸ் விற்றவர்களோ கடைசி மாதம் வரை "பேட்ச் போடாதீங்க சார்" என்பதைத் தவிர வேறு பதில் தரவில்லை.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் நீராவி அழுத்தம் அடிக்கடி ஊசலாடும். எல்லோரும் டியூனிங்கைத்தான் (கண்ட்ரோலரின் அமைவு எண்களை) திட்டினார்கள். ஹிஸ்டோரியனில் கண்ட்ரோலர் அவுட்புட்டையும் வால்வு பொசிஷனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். அவுட்புட் மெல்ல மெல்ல ஏறுகிறது, வால்வு அசையவில்லை, திடீரென்று ஒரே குதி. வால்வு உராய்வில் ஒட்டிக்கொண்டு சட்டென்று விடுபடும் கோளாறு இது: ஸ்டிக்‌ஷன். பின்னோக்கிப் போகப் போக, அந்தக் குதி மாதத்துக்கு மாதம் வளர்ந்து வந்தது தெரிந்தது. டிசிஎஸ்ஸின் சொந்த டிரெண்டில் அவ்வளவு தூரம் போகவே முடியாது. கிளாண்ட் பேக்கிங்கை (வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பை) மாற்றினார்கள், ஊசலாட்டம் போயிற்று. டியூனிங்கை யாரும் தொடவில்லை.

நேர்க்கோட்டுக்கும் மருந்து உண்டு. கண்ட்ரோலருக்குள் நொடிக்கு ஒன்று ஏறி 59க்குப் பிறகு 0வுக்குத் திரும்பும் ஒரு கவுண்டர் போட்டு, அதை ஹிஸ்டோரியனில் எந்த வடிகட்டலும் இல்லாத டேக்காக வைக்க வேண்டும். இரண்டு நிமிடம் அது அசையவில்லை என்றால் அலாரம். ஒவ்வொரு கண்ட்ரோலரிலும் இருக்க வேண்டும். ஓபிசி சர்வரில் மட்டும் வைத்தால் பிரயோஜனமில்லை. எங்களுக்கு ஒரே ஒரு கண்ட்ரோலரில்தான் போட்டுக் கொடுத்தார்கள். மற்றதுக்கெல்லாம் லாஜிக் மாற்றம் என்று தனி கொட்டேஷன். நாலு வரி லாஜிக்குக்கு!

ஓபிசியின் புதிய வடிவமான யுஏ வந்தால் தீர்ந்துவிடும் என்பார்கள். பாதி உண்மை. 4840 என்று ஒரே போர்ட் திறந்தால் போதும். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் சர்வர் இடையிடையே "இருக்கிறேன்" என்று செய்தி அனுப்பும். ஆனால் அது சர்வர் இருப்பதற்கான சாட்சி மட்டுமே, பின்னால் இருக்கும் கண்ட்ரோலருக்கு அல்ல. யுஏ இணைப்பில் இரு பக்கமும் அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழின் காலாவதித் தேதியையும் யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதனால் தம்பி, கொட்டேஷனில் எல்லாக் கண்ட்ரோலருக்கும் அந்தக் கவுண்டர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். ஐந்துக்கு நாலு கொடுக்க வேண்டிய சாமான்தான், இன்றைக்கு நான் கொடுப்பது இரண்டு. கொட்டேஷன் பாஸ் ஆகட்டும், அப்புறம் கேளுங்கள், மாற்றிச் சொன்னாலும் சொல்வேன்.