ஃப்ரீபிஎஸ்டியில் பேக்கேஜா, போர்ட்ஸா? பராமரிப்பை முன்வைத்து ஓர் அலசல்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் வெளி மென்பொருள்களை நிறுவ இரண்டு வழிகள் உள்ளன. முன்கூட்டியே கம்பைல் செய்து (அதாவது மூல நிரலைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றி) வைக்கப்பட்டிருக்கும் பேக்கேஜை 'பிகேஜி' கட்டளையால் இறக்கி நிறுவலாம். அல்லது போர்ட்ஸ் தொகுப்பைக் கொண்டு மூல நிரலை வரவழைத்து, நமக்கு வேண்டிய தேர்வுகளுடன் நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளலாம். என் பொறுப்பில் உள்ள சர்வர்களைப் பல ஆண்டுகள் போர்ட்ஸ் வழியில் நடத்திவிட்டு, இப்போது ஏறக்குறைய முழுவதுமாகப் பேக்கேஜுக்கு மாற்றியிருக்கிறேன். ஆகவே இந்த அலசல் பேக்கேஜ் பக்கம் சாய்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலை, அஞ்சல், தரவுத்தள சர்வர்களைக் கவனிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஃப்ரீபிஎஸ்டியை மேசைக் கணினியில் பயன்படுத்திய அனுபவம் எனக்குக் குறைவு. அங்கே கணக்கு வேறாக இருக்கக்கூடும்.

நிறுவும் வேகத்திலும் வட்டில் பிடிக்கும் இடத்திலும் பேக்கேஜ் முந்தும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் பேக்கேஜும் போர்ட்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை என்று பலர் நினைப்பதைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். போர்ட் என்பது ஒரு சிறு கோப்புறை. மூல நிரல் எங்கே கிடைக்கும், அதன் சரிபார்ப்பு எண் என்ன, எந்தெந்தப் பேட்ச்களைச் (சிறு நிரல் திருத்தங்களை) சேர்க்க வேண்டும், வேறு எந்த மென்பொருள்கள் முன்னதாகத் தேவை, சேவையைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் எது என்பவை எல்லாம் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். 1994இல் தொடங்கிய இந்தத் தொகுப்பில் இன்று 30,000க்கும் மேற்பட்ட போர்ட்கள் உள்ளன. அதே போர்ட்களை, இயல்பான தேர்வுகளை மாற்றாமல், ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தின் கணினிகளில் கம்பைல் செய்து வெளியிடுவதே பேக்கேஜ். கோப்புகள் போய்ச் சேரும் இடம், சேவை ஸ்கிரிப்ட், பேட்ச்கள் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். யார் கம்பைல் செய்கிறார், எந்தத் தேர்வுகளுடன் செய்கிறார், எப்போது செய்கிறார் என்ற மூன்றில்தான் வேறுபாடு அடங்கியிருக்கிறது.

பழைய பயனர்கள் போர்ட்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2014 ஜனவரியில் வெளியான 10.0 பதிப்பில்தான் இன்றைய பிகேஜி இயல்பான கருவியாக அமைந்தது. அதற்கு முந்தைய பேக்கேஜ் கருவிகளால் நிறுவ முடியும், நீக்க முடியும்; நிறுவிய அனைத்தையும் ஒருசேரப் புதுப்பிக்க அவற்றில் நம்பகமான வழி இல்லை. அன்று போர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தவர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். அந்த அறிவுரையை இன்றும் அப்படியே திருப்பிச் சொல்வதுதான் பொருந்தவில்லை.

போர்ட்ஸுக்குச் சாதகமாகச் சொல்லப்படும் முதல் வாதம் தேர்வுரிமை. ஒரு போர்ட்டின் கோப்புறையில் 'மேக் கான்ஃபிக்' என்று கொடுத்தால் நீலத்திரையில் ஒரு பட்டியல் விரியும். வேண்டிய வசதியைக் குறியிடலாம், வேண்டாததை எடுத்துவிடலாம். இது உண்மையான வசதி. ஆனால் 2017இன் இறுதியில் 'ஃப்ளேவர்' என்ற முறை போர்ட்ஸில் சேர்க்கப்பட்ட பிறகு, ஒரே போர்ட்டிலிருந்து பல வகைப் பேக்கேஜ்கள் வெளியாகின்றன. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் (Git) வேண்டுமென்றால் முழு கிட்டும் உண்டு, கிட்-லைட்டும் உண்டு, கிட்-டைனியும் உண்டு. வலை சர்வரான என்ஜின்எக்ஸுக்கு முன்பிருந்தே லைட், ஃபுல் என்று தனித்தனிப் போர்ட்கள் இருக்கின்றன. அஞ்சல் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸில் தரவுத்தளத்தோடு இணைப்பதற்கும் எஸ்ஏஎஸ்எல் வழிப் பயனர் சரிபார்ப்புக்கும் தனித்தனிப் பேக்கேஜ்கள் கிடைக்கின்றன. முன்பு நான் போர்ட்ஸில் கம்பைல் செய்தவற்றின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்று தயாரான பேக்கேஜே இருப்பது தெரிந்தது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது தேர்வுரிமை அல்ல, பராமரிப்பு. மென்பொருளை நிறுவுவது ஒரு முறை. அதைப் புதுப்பிப்பது சர்வர் உயிரோடு இருக்கும்வரை. இந்த இரண்டு வழிகளின் உண்மையான விலை புதுப்பிக்கும் நாளில்தான் வெளிப்படுகிறது.

போர்ட்ஸ் வழியில் அந்த நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். முதலில் போர்ட்ஸ் கோப்புறையைக் கிட் வழியாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய 'போர்ட்ஸ்நாப்' கருவி 14.0 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. அடுத்து அந்தக் கோப்புறையில் உள்ள 'அப்டேட்டிங்' கோப்பை, கடைசியாகப் படித்த தேதியிலிருந்து இன்றுவரை படிக்க வேண்டும். பெர்ல் மொழியின் இயல்பான பதிப்பு மாறியிருந்தால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யச் சொல்லி அதில் எழுதியிருப்பார்கள்; அதைப் படிக்காமல் தொடங்கினால் பாதிவழியில் நிற்க நேரும். பிறகு போர்ட்மாஸ்டர் போன்ற ஒரு கருவியை ஓட்டினால், எந்தப் போர்ட்டில் புதிய தேர்வு சேர்ந்திருக்கிறதோ அதற்கெல்லாம் நீலத்திரை மீண்டும் வந்து நிற்கும். நாம் பெயரே கேள்விப்படாத ஒரு லைப்ரரிக்கான (பிற மென்பொருள்கள் நம்பியிருக்கும் பொது நிரல் தொகுப்புக்கான) கேள்வியாகவும் அது இருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் கம்பைல் தொடங்கும். பைத்தானில் எழுதிய ஒரு சிறு கருவியைப் புதுப்பிக்க முனைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது பைத்தானின் 'கிரிப்டோகிராஃபி' தொகுதியைக் கேட்கும். அந்தத் தொகுதி 2021 முதல் கம்பைல் ஆவதற்கு ரஸ்ட் மொழியைக் கேட்கிறது. ரஸ்ட் நம் கணினியில் இல்லையென்றால் ரஸ்ட்டையே மூல நிரலிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருக்கும். சிறிய மெய்நிகர் சர்வரில் இதற்கு மணிக்கணக்கில் ஆகும். நினைவகம் போதாமல் கம்பைலர் பாதியில் கொல்லப்படுவதும் உண்டு. 'மேக் இன்ஸ்டால்-மிஸ்ஸிங்-பேக்கேஜஸ்' என்று கொடுத்து, சார்பு மென்பொருள்களை மட்டும் பேக்கேஜாக இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பது உண்மைதான். ஆனால் அதைப் பயன்படுத்தும் கணத்திலேயே நாம் பாதிப் பேக்கேஜ் பயனராகிவிடுகிறோம். கலப்பினால் வரும் சிக்கலைக் கீழே சொல்கிறேன்.

நேரத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது இடைப்பட்ட நிலை. போர்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கப்பட்டு நிறுவப்படுகின்றன. ஒரு லைப்ரரியின் பதிப்பு எண் உயர்ந்து, அதை நம்பியிருக்கும் சேவை இன்னும் கம்பைல் வரிசையில் காத்திருக்கும் வேளையில், வட்டில் இருப்பது ஒன்றோடொன்று ஒட்டாத கூட்டம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை பழைய லைப்ரரியை நினைவகத்தில் வைத்திருப்பதால் தொடர்ந்து ஓடும். ஆனால் அந்த இடைவெளியில் எக்காரணத்தாலாவது அது மறுதொடக்கம் செய்யப்பட்டால், லைப்ரரி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழாமலே கிடக்கும். வரிசையில் எங்கோ ஒரு போர்ட் கம்பைல் ஆக மறுத்து நின்றுவிட்டால், இந்த இடைநிலை நாம் வந்து பார்க்கும்வரை நீடிக்கும்.

பேக்கேஜ் வழியில் 'பிகேஜி அப்கிரேட்' என்ற ஒரே கட்டளை. அது எதையும் தொடுவதற்கு முன், எவை புதிதாக வரும், எவை மேம்படும், எவை நீக்கப்படும் என்று முழுக் கணக்கையும் போட்டுக் காட்டி அனுமதி கேட்கிறது. அனுமதித்தால் எல்லாவற்றையும் முதலில் இறக்கிச் சரிபார்த்துவிட்டுப் பிறகுதான் மாற்றத் தொடங்குகிறது. இடைநிலை இங்கேயும் இருக்கிறது, ஆனால் அது நிமிடங்களில் கடந்துவிடும். கம்பைல் தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனெனில் அந்தத் தோல்வி நேர்ந்திருந்தால் பேக்கேஜே வெளிவந்திருக்காது.

இதனால் கண்ணை மூடிக்கொண்டு 'ஒய்' அழுத்தலாம் என்று பொருள் இல்லை. நீக்கப்படுபவை என்ற பட்டியலை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேக்கேஜ்கள் வெளியிடப்படும் களஞ்சியத்தில் அதன் இயல்பான பதிப்பு உயரும்போது, அதைச் சார்ந்த மற்ற பேக்கேஜ்கள் புதிய கிளையண்ட் லைப்ரரியை (தரவுத்தளத்தோடு பேச உதவுவதை) கேட்கும். புதிய கிளையண்டும் பழைய கிளையண்டும் ஒன்றாக இருக்க முடியாது. எனவே நம் பழைய தரவுத்தள சர்வர் பேக்கேஜை நீக்கலாமா என்று பிகேஜி கேட்கும். அங்கே 'என்' என்று சொல்லிவிட்டு, தரவை முறையாகப் புதிய பதிப்புக்கு நகர்த்திய பிறகு திரும்பி வருவதே வழி. பேக்கேஜ் முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: ஆபத்து முன்கூட்டியே, ஒரே திரையில், வாசிக்கக்கூடிய வடிவில் வந்து நிற்கிறது.

இனி கலப்பு. சிலவற்றைப் பேக்கேஜாகவும் சிலவற்றைப் போர்ட்டாகவும் வைத்துக்கொள்ளலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வெளியீட்டுப் பதிப்புகளில் பிகேஜி இயல்பாகக் 'குவார்ட்டர்லி' கிளையிலிருந்து எடுக்கிறது. அது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து புதிதாகப் பிரிக்கப்படும் கிளை. கிட்டிலிருந்து சாதாரணமாக எடுத்த போர்ட்ஸ் கோப்புறையோ அன்றாடம் நகர்ந்துகொண்டிருக்கும் முதன்மைக் கிளை. இரண்டையும் கலந்தால் லைப்ரரிகளின் பதிப்புகள் பொருந்தாமல் போகும். ஆகவே கலக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டும் ஒரே கிளையைப் பின்பற்றும்படி அமைத்துவிட வேண்டும். அப்போதும் ஒரு கண்ணி இருக்கிறது: நாம் தேர்வுகளை மாற்றிக் கம்பைல் செய்த மென்பொருளைப் பிகேஜி பார்த்ததும், 'தேர்வுகள் மாறியுள்ளன' என்று ஒரு குறிப்பைப் போட்டுக் களஞ்சியத்தின் பேக்கேஜை அதன்மேல் நிறுவ முன்வரும். 'பிகேஜி லாக்' கொண்டு பூட்டினால் தடுக்கலாம். ஆனால் பூட்டியதை நினைவில் வைத்து நாமே புதுப்பித்தாக வேண்டும்.

சேவைகளை அமைப்பதில் இரண்டு வழிகளுக்கும் வேறுபாடு இல்லை என்றாலும், பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது. டெபியன் லினக்ஸில் ஒரு சர்வர் மென்பொருளை நிறுவினால் அது பெரும்பாலும் உடனே ஓடத் தொடங்கிவிடும். ஃப்ரீபிஎஸ்டி அப்படிச் செய்வதில்லை, 'ஆர்சி.கான்ஃப்' கோப்பில் அந்தச் சேவைக்கு அனுமதி எழுதும்வரை அது தொடங்காது. என்ன எழுத வேண்டும் என்பதை நிறுவி முடிந்ததும் வரும் செய்தியிலேயே பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். அது திரையில் ஓடி மறைந்துவிட்டால் 'பிகேஜி இன்ஃபோ' கட்டளைக்குப் பெரிய 'டி' கொடுத்து மீண்டும் படிக்கலாம். அந்தக் கோப்பைக் கையால் திருத்துவதைவிடச் 'சிஸ்ஆர்சி' கட்டளையால் எழுதுவது பாதுகாப்பானது. ஏனெனில் ஆர்சி.கான்ஃப் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாகவே படிக்கப்படுகிறது. ஒரு மேற்கோள் குறி விடுபட்டாலும் அடுத்த முறை கணினி எழும்போது பாதியில் நின்று ஒற்றைப் பயனர் நிலைக்குப் போய்விடலாம்.

புதுப்பித்த பிறகு சேவைகளை மறுதொடக்கம் செய்வதும் நம் வேலையே. பாதுகாப்புக் குறைபாட்டைச் சரிசெய்த புதிய பேக்கேஜ் வட்டில் வந்து உட்கார்ந்துவிடும். நினைவகத்தில் பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் பிகேஜியே பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கிறது, ஆனால் இயல்பில் அது அணைந்தே இருக்கிறது. அப்படி இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தரவுத்தளம் எப்போது நின்று எழ வேண்டும் என்பதைப் பொறுப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

போர்ட்ஸ் பக்கத்தின் நியாயங்களையும் சொல்லியாக வேண்டும். ஒரு பாதுகாப்புத் திருத்தம் போர்ட்டில் சேர்ந்த நிமிடமே அதைக் கம்பைல் செய்துகொள்ளலாம். பேக்கேஜ் கட்டப்பட்டு வெளிவர நாள்கள் ஆகலாம். 'பிகேஜி ஆடிட்' ஒரு குறைபாட்டைச் சுட்டிக்காட்டியும் களஞ்சியத்தில் திருத்தம் வந்து சேராத நாள்கள் சங்கடமானவைதான். உரிமக் கட்டுப்பாட்டால் பேக்கேஜாக வெளியிட முடியாத மென்பொருள்களுக்கும் போர்ட்ஸைத் தவிர வழியில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு சேரும் மாட்யூல்களிலும் நெடுங்காலம் போர்ட்டின் கையே ஓங்கியிருந்தது.

இந்தத் தேவைகள் உள்ளவர்களுக்குப் பௌட்ரியர் என்ற மூன்றாம் வழியும் உண்டு. 'ஜெயில்' எனப்படும் தனிமைப்படுத்திய சூழலுக்குள் போர்ட்களைக் கம்பைல் செய்து, நமக்கென்று ஒரு பேக்கேஜ் களஞ்சியத்தையே அது உருவாக்கித் தருகிறது. சர்வர்களில் பேக்கேஜின் எளிமையும், தேர்வுகளில் போர்ட்ஸின் சுதந்திரமும் சேர்ந்து கிடைக்கும். சிறிய அளவில் ஓட்டிப் பார்த்தவரை எனக்கு நிறைவாக இருந்தது. பெரிய கூட்டமாகச் சர்வர்களை வைத்து அதை நெடுநாள் நடத்தியவர்களின் சொல்லுக்கே இதில் என்னுடையதைவிட எடை அதிகம்.

போர்ட்ஸிலிருந்து மாற நினைப்பவர்களுக்கு நான் செய்த முறையைச் சொல்கிறேன். வட்டில் இஸட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் முதலில் 'பிஇசிடிஎல்' கட்டளையால் ஒரு பூட் சூழலை (கணினி எழுந்து ஓடத் தேவையான அமைப்பை) பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்ப அது போதும். 'பிகேஜி பிரைம்-லிஸ்ட்' கொடுத்து, நாமே விரும்பி நிறுவியவற்றின் பட்டியலைக் கோப்பில் சேமியுங்கள். அதில் எவற்றுக்கு உண்மையிலேயே வேறு தேர்வுகள் தேவை என்று பார்த்து, அவற்றை மட்டும் பூட்டுங்கள். பின்னர் 'பிகேஜி அப்கிரேட்' கட்டளையைச் சிறிய 'எஃப்' சேர்த்து ஓட்டினால் மற்றவை அனைத்தும் களஞ்சியத்தின் பேக்கேஜ்களாக மாறிவிடும்; நீக்கப்படுபவை பட்டியலை இங்கேயும் படித்துவிட்டே அனுமதியுங்கள். நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்புகள் அப்படியே இருக்கும். புதிய மாதிரிக் கோப்பு 'சாம்பிள்' என்ற பின்னொட்டுடன் பக்கத்தில் வந்திருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியாக 'சர்வீஸ்' கட்டளைக்குப் பெரிய 'ஆர்' கொடுத்தால் வெளி மென்பொருள் சேவைகள் எல்லாம் மறுதொடக்கம் ஆகும். தரவுத்தளம் ஓடும் சர்வரில் மட்டும் இதை மொத்தமாகச் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.